பதினைந்து வயது ஹோண்டா ஃபிட், நெரிசலில் மட்டும் சூடு: ஒரு நிகழ்வு ஆய்வு

2024 ஜூன் 15, சனிக்கிழமை. ஹஜ்ஜுப் பெருநாள் நீண்ட வார இறுதி, பள்ளி விடுமுறை வேறு. சிங்கப்பூரிலிருந்து எல்லை தாண்டி, மலேசியாவின் ஸ்கூடாயில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போக நானும் அப்பாவும் அம்மாவும் கிளம்பினோம். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடிக்கான வரிசை புக்கிட் தீமா விரைவுச்சாலையிலேயே தொடங்கிவிட்டது. அரை மணி நேரத்தில் அரைக் கிலோமீட்டர்கூட நகரவில்லை. முதலில் ஏசியிலிருந்து வெதுவெதுப்பான காற்று வந்தது. "ஏம்மா, ஏசி போயிருச்சா?" என்று பின்னாலிருந்து அம்மா கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் முகப்பில் சிவப்பு வெப்ப விளக்கு மின்னத் தொடங்கியது.

வண்டி ஹோண்டா ஃபிட், ஜிஇ6 மாடல், 1339 சிசி, சிவிடி கியர். ஜப்பானிலிருந்து இணை இறக்குமதியாக, அதாவது அதிகாரபூர்வ முகவர் வழியாக இல்லாமல், வந்து 2009 பிப்ரவரியில் இங்கே பதிவானது. அன்று ஓடியிருந்த தூரம் 186,000 கி.மீ. இந்தத் தலைமுறை ஃபிட்டில் வெப்பமானி முள் கிடையாது. எஞ்சின் குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, அளவுக்கு மீறிச் சூடானால் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். இடையில் 90 டிகிரியா 105 டிகிரியா என்று ஓட்டுகிறவருக்குத் தெரிய வழியில்லை. வண்டியின் மற்ற எல்லாவற்றையும் நேசிக்கிற எனக்கு இந்த ஒன்றில் மட்டும் ஹோண்டாவோடு உடன்பாடில்லை.

சிவப்பைப் பார்த்ததும் ஏசியை அணைத்துச் சூடேற்றியை உச்சத்தில் வைத்தேன். இங்கே விற்கும் பல வண்டிகளில் சூடேற்றியே இருக்காது. இது ஜப்பானுக்காகச் செய்த வண்டி என்பதால் இருந்தது. எஞ்சினின் சூட்டை உள்ளே இழுத்துவரும் சின்ன ரேடியேட்டர்தான் அது. ஜூன் மாத வெயிலில் 72 வயது அம்மாவின் முகத்தில் அந்த அனல் அடித்தது. சன்னல்களை இறக்கிவிட்டோம். இரண்டு நிமிடத்தில் சிவப்பு அணைந்தது. சாவடிக்கு முந்திய வெளிவழியில் விலகி, மார்சிலிங் பக்கம் ஒரு வீவக (அரசு அடுக்குமாடி வீடுகளின்) கார் நிறுத்துமிடத்தில் எஞ்சினை அணைத்தேன். ஒரு மணி நேரம் ஆறவிட்டுத் திறந்து பார்த்தால் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டின் சேமிப்புப் புட்டி காலி. தண்ணீர் ஊற்றினோம். திரும்பி வரும்போது விரைவுச்சாலையில் எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது.

அப்படிக் குறையில்லாமல் ஓடியதுதான் முதல் துப்பு என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது.

முதல் பட்டறையில்

திங்கள் பொது விடுமுறை. செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு அருகிலுள்ள ஒரு பட்டறையில் வண்டியை விட்டேன். மதியம் அழைப்பு வந்தது. ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் தலைக்கும் அதன் அடிப்பாகத்துக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது, எஞ்சின் தலையைக் கழற்றிச் சமன்செய்ய வேண்டும், 2,200 வெள்ளி ஆகும், வண்டிக்கு வயதாகிவிட்டதால் ஸ்கிராப் போடுவதையும் யோசியுங்கள் என்றார்கள். என்ன சோதனை செய்தீர்கள் என்று கேட்டேன். கூலண்ட் குறைந்திருக்கிறது, பழுப்பாக இருக்கிறது, சூடும் ஆகியிருக்கிறது, பிறகென்ன என்றார்கள். ஹெட் கேஸ்கெட் போன வண்டியிலும் கூலண்ட் குறையும் என்பது உண்மை. ஆனால் கூலண்ட் குறைகிற எல்லா வண்டியிலும் ஹெட் கேஸ்கெட் போயிருக்காது. சோதிக்காமல் சொன்ன முடிவுக்கு 2,200 வெள்ளி கொடுக்க மனம் வரவில்லை. வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

அந்தத் தொகை ஏன் தூக்கத்தைக் கெடுத்தது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. வண்டிக்குப் பத்து வயதானபோது, 2019இல், அப்பா சிஓஇயை, அதாவது சிங்கப்பூரில் வண்டி வைத்திருக்க ஏலத்தில் எடுக்கும் உரிமையை, பத்தாண்டுக்குப் புதுப்பித்தார். முந்தைய மூன்று மாத ஏலச் சராசரியைக் கட்ட வேண்டும். அன்று அது முப்பதாயிரம் வெள்ளிக்கும் குறைவு. பாதித் தொகை கட்டி ஐந்தாண்டுக்கும் எடுக்கலாம், ஆனால் அதை மறுபடி புதுப்பிக்க முடியாது. புதுப்பித்ததும், பத்தாண்டில் வண்டியை ஒப்படைத்தால் கிடைத்திருக்க வேண்டிய கழிவு கைவிட்டுப் போனது. ஆக, 2029 பிப்ரவரி வரை உரிமை உண்டு. அன்று ஸ்கிராப் போட்டிருந்தால் மிச்ச மாதங்களுக்கு ஏற்ற பங்கு திரும்பக் கிடைத்திருக்கும், அதாவது கட்டியதில் பாதிக்குச் சற்றுக் குறைவு. ஆனால் சின்ன கார்களுக்கான ஏ பிரிவு சிஓஇ 2023 அக்டோபரில் 106,000 வெள்ளியைத் தொட்டது. நாங்கள் இந்தக் குழப்பத்தில் இருந்தபோதும் தொண்ணூறாயிரத்தை ஒட்டித்தான் நின்றது. அதற்குமேல் வண்டியின் விலை. அப்பாவுக்கு ஓய்வூதிய வயது. எனக்கு வீட்டுக் கடன்.

வைத்திருப்பதும் மலிவில்லை. 1339 சிசிக்குச் சாலை வரி ஆண்டுக்குச் சுமார் 590 வெள்ளி. பத்து வயதைத் தாண்டிய வண்டிக்கு ஆண்டுதோறும் பத்துப் பத்து விழுக்காடாக மேல்வரி ஏறி, பதினான்கைத் தாண்டியதும் ஐம்பது விழுக்காட்டில் நிற்கும். ஆகவே நாங்கள் கட்டுவது ஏறக்குறைய 885. பரிசோதனையும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்பது போய் ஆண்டுதோறும் என்றாகிவிடும். அந்த ஜனவரியில் சின் மிங்கில் பரிசோதனைக்குப் போய்த் தேறியிருந்தோம். பிரேக், புகை, முன்விளக்கு, டயர் எல்லாம் சரி என்று தாள் கொடுத்தார்கள். பலர் இந்தத் தாளை வண்டியின் உடல்நலச் சான்றாக நினைக்கிறார்கள். அங்கே பார்ப்பது வண்டி சாலையில் மற்றவர்களுக்கு ஆபத்தா, காற்றைக் கெடுக்கிறதா என்பதைத்தான். ரேடியேட்டரில் எத்தனை விழுக்காடு கூலண்ட் இருக்கிறது என்பது அவர்கள் வேலையில்லை. நம் வேலை.

அப்பாவின் 555

கண்புரை அறுவைக்குப் பிறகு 2022இல் அப்பா ஓட்டுவதை நிறுத்தினார். அதுவரை பெட்ரோல் போட்ட ஒவ்வொரு முறையும் கி.மீ.யும் லிட்டரும் ஒரு 555 நோட்டில் எழுதுவார். கடனுக்குச் சாமான் வாங்கிக் கணக்கெழுதிய அதே சின்ன நோட்டுதான். இப்போதும் சனிக்கிழமைதோறும் கீழே போய் வண்டியைத் துடைத்து, பானட்டைத் திறந்து பார்த்துவிட்டு எழுதுகிறார். நான் அந்த நோட்டைத் திறந்ததே கிடையாது. பட்டறையிலிருந்து திரும்பிய இரவுதான் கேட்டு வாங்கினேன்.

பெட்ரோல் வரிகள் முடிந்த பிறகு வந்த பக்கங்களில், பென்சிலில் சின்னச் சின்னதாக இருந்தது: "தண்ணி அரைப் போத்தல்." முதலாவது 2023 செப்டம்பரில். அடுத்தது டிசம்பரில். பிறகு பிப்ரவரி, மார்ச் கடைசி, ஏப்ரல், மே முதல் வாரம், மே மூன்றாம் வாரம். மூன்று மாத இடைவெளி பதினைந்து நாளாகச் சுருங்கியிருந்தது.

"ஏன்ப்பா எங்கிட்ட சொல்லல?"

"ஊத்தினா சரியாப் போச்சும்மா. வேலைக்குப் போற பிள்ளைய இதுக்கெல்லாமா தொந்தரவு பண்றது?"

குழாய்த் தண்ணீர்தான் ஊற்றியிருந்தார். கோபப்பட முடியவில்லை. ஒன்பது மாதமாக ஒரு கசிவின் வரலாற்றைத் தேதியோடு எழுதி வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். ஹெட் கேஸ்கெட் திடீரென்று வெடித்த கதை இது இல்லை என்பதை அந்தப் பென்சில் வரிகள் எனக்குச் சொல்லிவிட்டன. மெதுவாக, சிறுகச் சிறுக, எங்கேயோ ஒழுகியிருக்கிறது.

ஆனால் ஒழுகல் மட்டும் காரணமென்றால் விரைவுச்சாலையிலும் சூடாகியிருக்க வேண்டும். அங்கே எஞ்சின் இன்னும் கடுமையாக உழைக்கிறது. 80, 90 கி.மீ. வேகத்தில் காற்று தானாகவே ரேடியேட்டருக்குள் பாயும். நின்று நகரும் வரிசையில் அந்தக் காற்றை விசிறிதான் இழுத்துத் தர வேண்டும். ஓடும்போது சூடானால் தண்ணீர் ஓட்டத்தைச் சந்தேகப்படு, நிற்கும்போது சூடானால் காற்றோட்டத்தைச் சந்தேகப்படு என்று பழைய ஃபோர்மேன்கள், அதாவது பட்டறைத் தலைமை மெக்கானிக்குகள், சொல்வார்கள். ஒன்றல்ல, இரண்டு கோளாறுகள் சேர்ந்திருக்கலாம் என்று அப்போதுதான் தோன்றியது.

மேல்தளத்தில் நாற்பது நிமிடம்

முப்பது வெள்ளிக்கும் குறைவாக ஒரு ஓபிடி புளூடூத் கருவி வாங்கினேன். ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினால் கூலண்ட் வெப்பநிலை கைப்பேசியில் வரும். முள் இல்லாத வண்டிக்கு இதைவிட நல்ல பரிசு இல்லை. கூலண்ட் அளவைச் சரிபார்த்துக்கொண்டு, புதன்கிழமை மாலை தீவு விரைவுச்சாலையில் ஒரு சுற்றுப் போனேன். 84, 85, 84. அசையவே இல்லை.

திரும்பி வந்து எங்கள் அடுக்குமாடி கார் நிறுத்துமிடத்தின் திறந்த மேல்தளத்தில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, ஏசியையும் போட்டேன். அப்பா கைவிளக்கைப் பிடித்தார். 88. 91. 94. ரேடியேட்டருக்குப் பின்னால் இரண்டு விசிறிகள். ஒன்று ரேடியேட்டருக்கு, மற்றது ஏசி கண்டென்சருக்கு. ஏசி ஓடினால் இரண்டும் சுழல வேண்டும். கண்டென்சர் விசிறி விர்ரென்று சுழன்றது. ரேடியேட்டர் விசிறியின் இறக்கைகளை ஒவ்வொன்றாக எண்ண முடிந்தது. அது அசையாமல் நின்றது.

97. 99. 101.

"அணைச்சிரும்மா," என்றார் அப்பா. "ஒரு நிமிஷம்ப்பா," என்றேன். திருப்புளியைத் தலைகீழாகப் பிடித்து, இறக்கைக்குப் பக்கத்தில் விரல் போகாமல், மோட்டாரின் பின்பக்கத்தில் பிடியால் லேசாக இரண்டு தட்டு தட்டினேன். விசிறி ஒரு முறை விக்கி, பிறகு சுழலத் தொடங்கியது. கைப்பேசியில் எண் இறங்கியது: 98, 95, 92, 91. அப்பா கைவிளக்கை அணைக்க மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தட்டினால் ஓடும் மோட்டார் என்றால் உள்ளேயிருக்கும் கரித்தூரிகைகள் (சுழலும் பகுதிக்கு மின்சாரம் தரும் கரித் துண்டுகள்) தேய்ந்துவிட்டன என்று பெரும்பாலும் சொல்லலாம். தேய்ந்த தூரிகை தொட வேண்டிய இடத்தைச் சரியாகத் தொடாது. ஒரு நாள் ஓடும், ஒரு நாள் ஓடாது. அதனால்தான் அந்த ஜூன் 15க்கு முன் எங்களுக்கு எதுவும் தெரியவில்லை.

காக்கி புக்கிட்டில்

சனிக்கிழமை நண்பர் சொன்ன காக்கி புக்கிட் பட்டறைக்குப் போனேன். ஃபோர்மேன் தம்பி தினமும் விடியற்காலை ஜோகூர் பாருவிலிருந்து மோட்டார்சைக்கிளில் வந்துபோகிறவர். நான் பார்த்ததைச் சொன்னேன். 555 நோட்டையும் காட்டினேன். பொறுமையாகப் படித்தார்.

"அக்கா, இத மாதிரி எழுதி வச்சா எங்க வேல பாதி முடிஞ்சிரும்."

அவர் செய்த வரிசையைச் சொல்கிறேன், ஏனென்றால் முதல் பட்டறையில் நடக்காமல் போனது இதுதான். முதலில் கேஸ்கெட். ரேடியேட்டர் வாயில் ஒரு கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார், உள்ளே நீல நிறத் திரவம். எரிப்பறையிலிருந்து வாயு கூலண்டுக்குள் கசிந்தால், அதிலுள்ள கரியமில வாயுவால் நீலம் மஞ்சளாகும். எஞ்சினை ஓட்டிப் பத்து நிமிடம் பார்த்தோம். நீலம் நீலமாகவே இருந்தது. எண்ணெய் மூடியின் உட்பக்கம் பால்நுரை இல்லை. புகைக்குழாயில் வெள்ளைப் புகை இல்லை. 2,200 வெள்ளிச் செலவு அங்கேயே இல்லாமல் போனது.

அடுத்து விசிறி. ஃபியூஸ் சரி, ரிலே சரி. விசிறி நிற்கும்போது அதன் இணைப்பில் மீட்டரை வைத்தார்: 13.8 வோல்ட். மின்சாரம் வாசல் வரை வந்தும் மோட்டார் சுழலவில்லை. குற்றவாளி மோட்டார்தான், மேலே போய்த் தேட வேண்டியதில்லை.

பிறகு ஒழுகல். ஆறிய ரேடியேட்டரில் கைப்பம்பால் 1.1 பார் அழுத்தம் ஏற்றினார். முள் மெல்ல மெல்ல இறங்கியது, தரையில் சொட்டு இல்லை. விளக்கைப் பிடித்துத் தேடினோம். ரேடியேட்டரின் நடுப்பகுதி அலுமினியம், மேல் தொட்டி கறுப்பு நெகிழி. இரண்டையும் மடித்துக் கவ்விய விளிம்பில், மேல்குழாய் நுழையும் இடத்துக்கு ஒரு கட்டைவிரல் தள்ளி, நீலப் பொடி படிந்திருந்தது. ஹோண்டாவின் கூலண்ட் நீலம். சூட்டில் நீர் ஆவியாகி, சாயம் மட்டும் உப்புப் பூத்தது போல ஒட்டியிருந்தது. விரலால் துடைத்தால் கீழே மயிரிழை விரிசல். சூட்டோடு வெளியே வந்த நீர் தரைக்கு விழுமுன்பே ஆவியாகிவிட்டது. எங்கள் கார் நிறுத்துமிடத் தரையில் ஒரு நாளும் ஈரம் தெரியாததன் காரணம் இது.

கடைசியாக மூடி. ரேடியேட்டர் மூடியை எவரும் ஒரு பாகமாகவே மதிப்பதில்லை. அது வெறும் மூடி இல்லை, ஒரு வால்வு. உள்ளே 1.1 பார் அழுத்தம் நின்றால் வெறும் நீர்கூட 120 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும். எங்கள் மூடி 0.6லேயே விட்டுக்கொடுத்தது. அப்போது கொதிநிலை பல டிகிரி கீழே இறங்கிவிடும். கூலண்டின் செறிவைப் பார்த்தால், பாதிக்குப் பாதி இருக்க வேண்டியது கால்வாசிக்கும் கீழே. அப்பாவின் அரைப் போத்தல்கள் ஒன்பது மாதத்தில் அதைக் கரைத்துவிட்டன. துருத் தடுப்பு மருந்தும் கூடவே கரைந்ததால்தான் அந்தப் பழுப்பு நிறம்.

எது முதல்?

இதைப் பற்றி நானும் தம்பியும் வெகுநேரம் பேசினோம். என் முடிவு இது. மூடியின் சுருள்வில்லும் நெகிழித் தொட்டியும் வயதால் தளர்ந்தன. ஒழுகல் தொடங்கியது. தண்ணீர் ஊற்றியதால் ஒழுகலின் அடையாளம் மறைந்தது. தனியாக, விசிறி மோட்டார் தேய்ந்துகொண்டு வந்தது. விசிறி ஓடாத நாட்களில் ரேடியேட்டர் வழக்கத்தைவிடச் சூடாகி விரிசல் பெரிதாகியிருக்க வேண்டும். நோட்டில் இடைவெளி மார்ச்சுக்குப் பிறகு திடீரென்று சுருங்குவது இதோடு பொருந்துகிறது. சிவப்பு விளக்கு எரிய மூன்றும் ஒரே நாளில் சந்திக்க வேண்டியிருந்தது: குறைந்த நீர், நின்ற விசிறி, நகராத வரிசை.

விசிறி மோட்டார் 186,000 கி.மீ.க்குள் தேய்ந்ததில் வியப்பில்லை. சிங்கப்பூரில் ஏசி இல்லாமல் எவரும் வண்டி ஓட்டுவதில்லை. ஏசி போட்ட நிமிடத்திலிருந்து விசிறிகள் ஓடுகின்றன, சாலைச் சிக்னலில் நின்றாலும், பள்ளி வாசலில் காத்திருந்தாலும். இந்த ஊரில் வண்டியின் வயதைக் கிலோமீட்டரில் அளப்பது போதாது. எஞ்சின் ஓடிய மணிகளில் அளந்தால்தான் குளிர்விக்கும் பாகங்களின் உண்மையான வயது தெரியும்.

வெப்பமும் ஈரப்பதமும் இன்னொன்றையும் நினைவூட்டின. இதே காலத்து ஹோண்டாக்கள் பலவும் டகாட்டா நிறுவனத்தின் காற்றுப்பைத் திரும்பப்பெறுதலில் அடங்கியவை. அந்த ஊதுகருவியில் இருந்த அமோனியம் நைட்ரேட் வெப்பமும் ஈரமும் மாறி மாறித் தாக்கும் ஊர்களில் காலப்போக்கில் கெட்டு, விபத்தின்போது உலோகச் சில்லுகளாக வெடிக்கலாம். நம் ஊர் எப்படிப்பட்டதென்று சொல்லவே வேண்டாம். அப்பாவின் கோப்பில் மாற்றிக் கொடுத்த தாள் இருந்தது. பழைய வண்டியைக் கைமாற்றாக வாங்குகிறவர்கள் விலை பேசுமுன் இந்தத் தாளைக் கேளுங்கள்.

மாற்றியவை: புது ரேடியேட்டர் 230, விசிறி மோட்டார் 130, மூடி 18, தெர்மோஸ்டாட் 45, மேல் கீழ் குழாய்கள் 60, கூலண்ட் 40, கூலி 150. மொத்தம் 673 வெள்ளி. தெர்மோஸ்டாட்டும் குழாய்களும் கெட்டிருக்கவில்லை. எல்லாவற்றையும் கழற்றிய நேரத்தில் பதினைந்து வருட ரப்பரைத் திரும்ப மாட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. எடுத்த விசிறி மோட்டாரைத் தம்பி திறந்து காட்டினார். ஒரு தூரிகை நகக்கண் அளவுக்குத்தான் மிச்சம்.

எஞ்சின் ஏற்கெனவே சூட்டைப் பார்த்துவிட்டதே, உள்ளே பாதிப்பு இருக்குமோ என்ற அச்சம் எனக்குப் போகவில்லை. ஒரு மாதம் கழித்து மறுபடி அந்த நீலத் திரவச் சோதனையைச் செய்யச் சொன்னேன். நிறம் மாறவில்லை. கூலண்ட் அளவும் ஒரு கோடுகூட இறங்கவில்லை.

இந்த வண்டியை விடாமல் வைத்திருப்பதற்குக் கணக்கைத் தாண்டியும் காரணம் உண்டு. பெட்ரோல் தொட்டியை முன் இருக்கைகளுக்குக் கீழே வைத்திருப்பதால், பின் இருக்கையின் அடிப்பாகத்தை மேலே மடித்து நிறுத்தினால் தரை முதல் கூரை வரை இடம் கிடைக்கும். தைப்பூசத்துக்கு என் உடன்பிறந்த தம்பி மகனின் பால் காவடி அதில்தான் நிமிர்ந்து நின்றபடி சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலுக்குப் போனது. பொங்கலுக்குத் தேக்கா சந்தையில் வாங்கும் கரும்பும் முன் இருக்கையைச் சாய்த்தால் உள்ளே போய்விடும். அம்மாவின் முழங்காலுக்கு இருக்கையின் உயரமும் சரியாக இருக்கிறது. குனியவும் வேண்டாம், ஏறவும் வேண்டாம்.

நான் உண்மையாகச் சோதித்துப் பார்க்க விரும்பிய நெரிசல் தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை இரவு கிடைத்தது. எட்டு மணி, சிராங்கூன் சாலை, தலைக்கு மேலே வண்ண விளக்குகள், முன்னால் பேருந்து, இரு பக்கமும் பைகளோடு கூட்டம். ஏசி முழு வேகத்தில். கைப்பேசியில் 91 முதல் 96 வரை ஏறும், விசிறி பிடித்ததும் இறங்கும், மறுபடி ஏறும். நாற்பது நிமிடத்தில் 96ஐத் தாண்டவில்லை.

"குளிருதும்மா, ஏசியக் கொஞ்சம் குறை," என்றார் அம்மா பின்னாலிருந்து.

"எவ்வளவு காட்டுது?" என்று அப்பா கேட்டார். தொண்ணூற்று மூன்று என்றேன். சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து, விளக்கு வெளிச்சத்தில் எழுதிக்கொண்டார்.